நிறம் நிஜமா, சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காபியோடு உட்கார்ந்து படிக்கிறவர்கள் படியுங்கள், அவசரத்தில் இருப்பவர்கள் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விஷயமும் இரவு விஷயம்தான்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பியிருந்தாள். (இப்போது அவளுக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். 'அனுப்பியிருந்தார்' என்றுதான் எழுத வேண்டும். பிளஸ் டூவில் பார்த்த முகமே மனசில் நிற்பதால் கை வரவில்லை.) முதல் மூன்றும் கறுப்பு வெள்ளை. மூன்றிலும் ஒரே இடம், அதே நட்சத்திரங்கள். ஆனால் நடுவில் இருந்த புகை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. நான்காவது வண்ணப்படம். பொன்னும் நீலமுமான வெளிச்சத்தில் மூன்று தூண்கள் எழுந்து நிற்கின்றன. கீழே ஒரு வரி: "சார், இப்ப சொல்லுங்க, இந்த நிறம் நிஜமா?"

படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் சுருக்கென்றது.

2001-ஆம் வருடம் என்று நினைவு. இயற்பியல் ஆய்வகச் சுவரில் ஓர் ஆங்கில இதழிலிருந்து வெட்டிய படத்தை ஒட்டி வைத்திருந்தேன். ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த, 'படைப்பின் தூண்கள்' என்று உலகமே கொண்டாடிய படம். இவள் வந்து நின்று பார்த்துவிட்டு இதே கேள்வியைக் கேட்டாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "நிஜம்தாம்மா. அங்க போய் நின்னா இப்படித்தான் தெரியும்" என்றேன்.

2009 சர்வதேச வானியல் ஆண்டு. ஊரில் ஒரு மைதானத்தில் தொலைநோக்கி வைத்து எல்லோருக்கும் வானத்தைக் காட்டினார்கள். அவளும் வந்திருந்தாள். ஓரையன் நெபுலாவைப் பார்த்துவிட்டு, "சாம்பலை ஊதி விட்ட மாதிரி இருக்கு சார், நிறமே இல்லையே?" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: "இது சின்ன தொலைநோக்கிம்மா. பெருசா இருந்தா நிறம் நல்லாத் தெரியும்."

இரண்டு பதிலும் தப்பு. முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது, அதுதான் வியாதி. ஓய்வு பெற்ற பிறகு உட்கார்ந்து படித்ததில் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றறுபது வருடக் கதை இருப்பது தெரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நெபுலா என்றால் லத்தீனில் மூடுபனி. வானத்தில் புகை மாதிரி தெரிந்ததற்கெல்லாம் அந்தக் காலத்தில் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 1845-ல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடி போட்டு ஒரு ராட்சதத் தொலைநோக்கி கட்டினார். அதில் பார்த்தபோது பல புகைகள் நட்சத்திரக் கூட்டங்களாகப் பிரிந்து தெரிந்தன. உடனே பலரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: நெபுலா என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாமே தூரத்து நட்சத்திரக் கூட்டம், இன்னும் பெரிய தொலைநோக்கி வந்தால் மிச்சமும் பிரிந்துவிடும். (பெரிசா இருந்தா தெரியும் என்ற என் பதிலுக்கு முன்னோர்கள் உண்டு, பாருங்கள்.)

லண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் என்று ஒருவர். குடும்பத்துக்குப் பட்டு ஜவுளி வியாபாரம். கடையை விற்றுவிட்டு டல்ஸ் ஹில் என்ற இடத்தில் வீட்டோடு ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். 1859-ல் ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் ஒரு பொருளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தே அது என்ன தனிமம் என்று சொல்லலாம் என்று காட்டியிருந்தார்கள். ஹக்கின்ஸ் அந்த வித்தையை வானத்தின் மேல் திருப்பினார்.

பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். இருட்டறை, மெர்க்குரி விளக்கு, ஸ்பெக்ட்ராமீட்டர், நடுவில் கிரேட்டிங். குழாயை மெதுவாகத் திருப்பினால் ஊதா, நீலம், பச்சை, மஞ்சள் என்று தனித்தனிக் கோடுகள் வரும். வெர்னியர் படிக்கத் தெரியாமல் பக்கத்துப் பையனின் அளவை எழுதிக்கொண்டவர்கள் கையைத் தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். சூடான திடப்பொருளோ நட்சத்திரமோ என்றால் தொடர்ச்சியான வானவில் பட்டை கிடைக்கும். மெல்லிய வாயு ஒளிர்ந்தால் கோடுகள் மட்டும்.

1864 ஆகஸ்ட் 29 இரவு ஹக்கின்ஸ் டிராகோ மண்டலத்தில் இருக்கும் ஒரு சின்ன நெபுலாவைப் பார்த்தார். இன்று 'பூனைக்கண்' என்று சொல்கிறார்கள். பட்டை வரும் என்று எதிர்பார்த்தவருக்கு ஒரே ஒரு பச்சைக் கோடுதான் தெரிந்தது. கருவி நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். சரிபார்த்தார். கருவியில் பிழை இல்லை. உற்றுப் பார்த்ததில் பக்கத்தில் இன்னும் இரண்டு மங்கலான கோடுகள். அவ்வளவுதான். ஆக அது நட்சத்திரக் கூட்டம் இல்லை, வாயு. அடுத்து ஓரையன் நெபுலாவும் அப்படியே என்று கண்டார். ஆண்ட்ரோமெடாவோ பட்டையைக் காட்டியது. அது வேறு ஜாதி என்று அன்றே தெரிந்துவிட்டது, என்ன ஜாதி என்று தெரிய இன்னும் அறுபது வருடம் ஆனது.

இந்தப் பதிவின் மையமே அந்த இரவுதான். நெபுலா தன் வெளிச்சத்தை நட்சத்திரம் போல எல்லா நிறத்திலும் இறைப்பதில்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சில கோடுகளில்தான் பெரும்பாலும் கொட்டுகிறது. இன்று மொட்டைமாடியில் கேமரா வைப்பவர்கள் நம்பியிருப்பது இந்த ஒரே உண்மையைத்தான்.

மூன்று கோடுகளில் ஒன்று ஹைட்ரஜன். மிச்ச இரண்டும், முக்கியமாக அந்த முதல் பச்சைக் கோடு, எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. 500.7 நானோமீட்டர் அலைநீளம். ஆய்வகத்தில் எதை எரித்தாலும் அந்தக் கோடு வரவில்லை. சரி, பூமியில் இல்லாத புதுத் தனிமம் போலிருக்கிறது என்று 'நெபுலியம்' என்று பெயர் வைத்தார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அப்போது அதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் கிடைத்திருந்தது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டணத்தில் நம் மெட்ராஸ் வானாய்வகத்துப் போக்சனும் சூரியனின் விளிம்பொளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியில் இங்கிலாந்தின் லாக்யர் அங்கிருந்த மஞ்சள் கோட்டைப் புதுத் தனிமம் என்றார். ஹீலியம். 1895-ல் ராம்சே அதைப் பூமியிலேயே கண்டெடுத்தார். ஹீலியம் கிடைத்தது போல நெபுலியமும் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள்.

கிடைக்கவில்லை. தனிம வரிசை அட்டவணை நிரம்ப நிரம்ப நெபுலியத்துக்கு உட்கார இடமே இல்லாமல் போனது. கடைசியில் 1927-ல் கலிபோர்னியாவில் அயரா போவன் விடை சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் பொறி தட்டியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விடை மிகச் சாதாரணம்: ஆக்ஸிஜன். நாம் மூச்சு விடும் அதே ஆக்ஸிஜன், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலையில்.

அப்படியானால் ஆய்வகத்தில் ஏன் வரவில்லை? அந்த அயனி கிளர்ச்சியடைந்தால் பச்சை ஒளியை விடுவதற்குப் பல வினாடிகள் சும்மா இருக்க வேண்டும். அணு உலகத்தில் அது யுகம். பூமியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் கோடி கோடிக்கும் மேலான மூலக்கூறுகள் இடித்துக்கொண்டு ஓடுகின்றன. வினாடி போகட்டும், கண் சிமிட்டும் நேரம்கூடத் தனிமை கிடைக்காது. யாராவது வந்து மோதி அந்த ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அன்றைய ஆய்வக வெற்றிடமும் இந்த விஷயத்தில் சந்தைக்கடைதான். நெபுலாவிலோ ஒரு கன சென்டிமீட்டருக்கு சில நூறு, சில ஆயிரம் அணுக்கள். அங்கே நிம்மதியாக உட்கார்ந்து ஒளியை விடலாம். ஐந்தாம் பீரியடில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பையனைத் தனியாக யோசிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போவன் சொன்னது உடனே புரிந்தது.

இப்போது 2009-ல் நான் சொன்ன தப்பைப் பார்ப்போம். இருட்டில் நம் கண்ணில் வேலை செய்பவை நிறம் அறியாத செல்கள். அவற்றின் கூர்மை சுமார் 500 நானோமீட்டர் பக்கத்தில்தான் உச்சம். அதாவது ஆக்ஸிஜன் கோட்டுக்குக் கிட்டத்தட்ட அதே இடம். ஹக்கின்ஸுக்கு அந்தக் கோடு முதலில் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஹைட்ரஜனின் முக்கியமான ஒளியோ 656.3 நானோமீட்டரில், அடர் சிவப்பில் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண் அதற்குக் கிட்டத்தட்ட குருடு. பெரிய தொலைநோக்கி நெபுலாவைப் பெரிதாக்கும், ஆனால் அதன் பரப்பின் பிரகாசத்தை வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூட்டாது. அங்கேயே போய் நின்றாலும் இதே கதைதான். வானம் முழுக்கப் பரவிய சாம்பல் தெரியும். மிகப் பிரகாசமான சில நெபுலாக்களில் பெரிய தொலைநோக்கி வழியாகப் பசுமை கலந்த சாயல் தெரியலாம். சுவரில் ஒட்டிய படம் தெரியவே தெரியாது.

கண்ணால் ஆகாததைப் புகைப்படத் தட்டு செய்தது. 1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் பக்கத்தில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் 11 அங்குலத் தொலைநோக்கியில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஒளியைச் சேர்த்து ஓரையன் நெபுலாவைப் படம் பிடித்தார். நெபுலாவின் முதல் புகைப்படம் அதுதான். அதற்கு முன் ஈரத்தட்டு முறையில் சில நிமிடங்களிலேயே தட்டு காய்ந்துவிடும். உலர்தட்டு வந்ததால்தான் இது நடந்தது. இரண்டே வருடத்தில் 45 வயதில் டிரேப்பர் இறந்துபோனார். அவர் மனைவி கொடுத்த நிதியில்தான் ஹார்வர்டின் பெரிய நட்சத்திர அட்டவணை உருவானது. 1883-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் 36 அங்குலக் கண்ணாடியால் 37 நிமிடம் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண் வைத்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. காமன் தொழிலால் சுகாதாரப் பொறியாளர். மருத்துவர், ஜவுளிக்காரர், சாக்கடைப் பொறியாளர்! வானியலில் 'அமெச்சூர்' என்ற சொல்லை இளக்காரமாகச் சொல்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்கட்டும்.

ஆனால் தட்டுக்கு ஒரு குறை. பழைய ஸ்டூடியோ டார்க் ரூமில் சிவப்பு பல்பு எரியும், பார்த்திருப்பீர்கள். அந்த வெளிச்சத்தில் தாளை வெளியே எடுத்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த ரசாயனத்துக்குச் சிவப்பு தெரியாது. ஸ்டூடியோக்காரருக்கு அது வசதி, நெபுலா எடுப்பவருக்கு அதுவே சாபம். ஹைட்ரஜன் கொட்டும் சிவப்பு முழுவதும் வீண். சாயம் சேர்த்தால் தட்டு மற்ற நிறங்களையும் உணரும் என்று 1873-லேயே ஜெர்மனியில் ஃபோகல் கண்டுபிடித்திருந்தாலும், நல்ல சிவப்புத் தட்டு கைக்கு வர அடுத்த நூற்றாண்டு ஆனது.

இங்கேதான் நம் கொடைக்கானல் வருகிறது. ஒரே ஒரு கோட்டின் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுப்பது என்ற யோசனையை முதலில் சாதித்தவர்கள் சூரியனைப் படம் எடுத்தவர்கள். 1890-களில் அமெரிக்காவில் ஹேல், பிரான்சில் டெலாண்ட்ர் இருவரும் தனித்தனியாக ஒரு கருவி செய்தார்கள். சூரிய பிம்பத்தின் மெல்லிய ஒரு கீற்றை மட்டும் ஒரு பிளவு வழியாக உள்ளே விடு. அதை வானவில்லாகப் பிரி. வானவில்லில் வேண்டிய கோடு விழும் இடத்தில் இரண்டாவது பிளவு வை. அதற்குப் பின்னால் தட்டு. இப்போது பிம்பத்தையும் தட்டையும் சேர்த்து நகர்த்தினால் கீற்று கீற்றாக ஒரே நிறத்தில் முழுச் சூரியன் தட்டில் விழும். நார் உரித்து உரித்து முழத்தைச் சேர்ப்பது போல.

மெட்ராஸிலிருந்து மலைக்குப் போன அந்த ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. 1904 முதல் கால்சியம் கோட்டில் சூரியனை எடுக்க ஆரம்பித்தார்கள், 1912 முதல் ஹைட்ரஜனின் அதே 656.3-லும். வானம் தெளிந்த நாளெல்லாம், தலைமுறை தலைமுறையாக. நூறு வருடச் சூரியன் கண்ணாடித் தட்டுகளில் அங்கே இருக்கிறது. இன்று அவை கணினிக்கு ஏற்றப்பட்டு உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. ஒவ்வொரு சுற்றுலாவிலும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். எப்போ சார் போட்டிங் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். கறுப்பு வெள்ளையில் தெரியும் அந்தச் சூரியனில் என்ன இருக்கிறது என்று சரியாக விளக்க எனக்கும் அப்போது தெரியவில்லை. ஏரிக்கே முதலில் போயிருக்கலாம்.

சூரியனிடம் வெளிச்சம் அபரிமிதம், பிளவு வைத்து முக்கால்வாசியைத் தூக்கி எறியலாம். நெபுலாவிடம் எறிய ஒன்றுமில்லை. அதற்குக் கண்ணாடி மேல் ஒளி அலைநீளத்தின் அளவில் மெல்லிய படலங்களை அடுக்கடுக்காகப் பூசி, வேண்டிய அலைநீளத்தை மட்டும் விட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும் வடிகட்டிகள் வர வேண்டியிருந்தது. அதற்கிடையில், வெறும் சிவப்புக் கண்ணாடியும் சிவப்புத் தட்டும் வைத்தே நிறைய நடந்துவிட்டது. 1959-ல் ஸ்டூவர்ட் ஷார்ப்லஸ் பாலோமர் ஆய்வகத்தின் சிவப்புத் தட்டுகளிலிருந்து 313 ஹைட்ரஜன் நெபுலாக்களைப் பட்டியலிட்டார். ஆஸ்திரேலியாவில் காலின் கம் தென் வானத்தைத் துழாவி 1955-ல் தன் பட்டியலை வெளியிட்டார். அவர் பெயரிலேயே இருக்கும் கம் நெபுலா வேலா, பப்பிஸ் மண்டலங்களில் முப்பது டிகிரிக்கும் மேல் பரந்து கிடக்கிறது. நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் நாம் தினமும் அதன் ஊடாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அது தெரிவதில்லை. கம் 1960-ல் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விபத்தில் போய்ச் சேர்ந்தார், வயது 35.

அப்புறம் 1969-ல் பெல் ஆய்வகத்தில் சிசிடி பிறந்ததும், தட்டுகள் ஓய்வு பெற்றதும் உங்களுக்குத் தெரிந்த கதை. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். சென்சாருக்கு இயல்பில் நிறம் தெரியாது. எத்தனை ஒளி விழுந்தது என்று எண்ணும், அவ்வளவே. நம் செல்போன் கேமராவில் நிறம் வருவது 1976-ல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற உபாயத்தால். நான்கு புள்ளிக்கு ஒரு கட்டம், அதில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று குட்டி வடிகட்டிகளை ஒட்டிவிட்டார். கல்யாண வீட்டுக்கு அது அருமை. ஹைட்ரஜன் சிவப்பில் படம் எடுத்தால் நான்கில் மூன்று புள்ளிகள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒட்டாத சென்சார், அதாவது மோனோகுரோம் கேமரா என்றால் நான்கும் உழைக்கும். வண்ணக் கேமராவைவிடக் கறுப்பு வெள்ளைக் கேமரா விலை அதிகம் என்று அவள் சொன்னபோது, "ஏமாத்திட்டாங்கம்மா உன்னை" என்றேன். ஏமாற்றவில்லை.

இப்போது அந்தத் தூண்கள். ஹப்பிள் 1990-ல் மேலே போனதும் அதன் கண்ணாடி தப்பாகத் தேய்க்கப்பட்டிருப்பது தெரிந்து மானம் போனதும், 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ததும் அப்போது செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்போது பொருத்திய புதுக் கேமராவால் 1995 ஏப்ரல் 1 அன்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் கழுகு நெபுலாவை எடுத்தார்கள். சுமார் 6,500 ஒளியாண்டு தூரம். மூன்று வடிகட்டிகள்: கந்தகம் 673, ஹைட்ரஜன் 656, ஆக்ஸிஜன் 502 என்ற எண்களில். மொத்தம் 32 கறுப்பு வெள்ளைப் படங்களைச் சேர்த்தது அது. மேல் மூலையில் படிக்கட்டு மாதிரி கறுப்பாக வெட்டுப்பட்டிருக்கும். "சார், கத்தரிக்கோல் வழுக்கிடுச்சா?" என்று பையன்கள் கேட்பார்கள். கேமராவில் இருந்த நான்கு சில்லுகளில் ஒன்று சின்னப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்ப்பது. மற்றவற்றின் அளவுக்கு அதைச் சுருக்கியதால் வந்த காலியிடம் அது.

நிறம் எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம். கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே கண்ணுக்கு ஒரே சிவப்பு. உள்ளபடியே நிறம் கொடுத்தால் இரண்டும் கலந்து ஒரே செஞ்சேறு, எது எங்கே என்று தெரியாது. அதனால் வரிசையை மட்டும் காப்பாற்றினார்கள். மூன்றில் நீளமான அலைநீளம் கந்தகம், அதற்குச் சிவப்பு. நடுவில் ஹைட்ரஜன், அதற்குப் பச்சை. குறைந்தது ஆக்ஸிஜன், அதற்கு நீலம். இதைத்தான் இன்று உலகம் முழுக்க 'ஹப்பிள் பேலட்' என்கிறார்கள்.

பொய்யா என்றால், தேசப்படத்தில் மலையைப் பழுப்பாகவும் சமவெளியைப் பச்சையாகவும் போடுகிறோமே, அந்த அளவுக்குப் பொய். தஞ்சாவூர் மே மாதத்தில் பச்சையாக இருக்காது, ஆனால் அந்தப் பச்சை சமவெளி என்று ஒரு நிஜத்தைச் சொல்கிறது. இங்கும் அப்படியே. ஆக்ஸிஜனிடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அது மிகச் சூடான நட்சத்திரங்களின் பக்கத்தில்தான் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு 13.6 போதும், கந்தகத்துக்கு இன்னும் குறைவு. அதனால் நீலம் தெரியும் இடத்தில் நட்சத்திரத்தின் கடும் புற ஊதா ஒளி நேராக அடிக்கிறது, சிவப்பு தெரியும் விளிம்பில் அது ஓய்ந்துபோகிறது. தூணின் மேற்பரப்பு அந்த ஒளியில் ஆவியாகிக்கொண்டிருப்பதையும், நுனியில் உள்ள அடர்ந்த முடிச்சுகள் சில தப்பித்து நிற்பதையும் ஹெஸ்டர் குழு படித்தது இந்த மூன்றையும் பிரித்து வைத்ததால்தான். நான் அழகுக்காகச் சுவரில் ஒட்டினேன். அதில் பாடம் இருந்தது, அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை.

மாணவி இருப்பது சென்னைப் புறநகர். தெருவுக்குப் பத்து விளக்கு, வானம் முழுக்கப் பால் கொட்டியது போல வெளிச்சம். கண்ணுக்கு மொத்தம் இருபது நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். அங்கிருந்து எப்படி? கண் பார்க்கும் ஒளி சுமார் 300 நானோமீட்டர் அகலம். அவள் வடிகட்டி 3 நானோமீட்டர் மட்டும் திறந்திருக்கும். ஊர் வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவியது, அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலா தன் வெளிச்சத்தை அந்த ஒரே கோட்டில் வைத்திருப்பதால் அது கிட்டத்தட்ட முழுசாக உள்ளே வந்துவிடும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு 589-ல் மட்டும் எரிந்ததால் அதைத் தடுப்பது இன்னும் சுலபமாக இருந்தது. வெள்ளை எல்இடி வந்து அந்தச் சலுகை போய்விட்டது என்று அவளுக்கு வருத்தம்.

வேறு தொல்லையும் உண்டு. கருவி வானத்தோடு சேர்ந்து சுழல துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்து நிறுத்த வேண்டும். சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதாவது சரியாக எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ஓரையன் நன்றாக ஏறும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. மே மாதத்தில் கழுகு நெபுலா நள்ளிரவுக்கு மேல் உயரத்தில் இருக்கும், ஆனால் புழுக்கத்தில் கேமரா சென்சாரைக் குளிரவைக்க ஃபேன் கத்திக்கொண்டே இருக்கும். இதற்கு நடுவில் ஐந்து ஐந்து நிமிடப் படங்களாக, மூன்று இரவுகளில் மொத்தம் 14 மணி நேரம் சேர்த்திருக்கிறாள். நான்கு படம் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும், பதினாறு சேர்த்தால் கால்வாசி. வர்க்கமூலம் வாழ்க்கையில் எங்கே சார் பயன்படும் என்று கேட்ட வகுப்பு அவள் வகுப்புதான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2022-ல் பிரான்சில் யான் செயின்டி என்ற அமெச்சூர், ஆண்ட்ரோமெடா மண்டலத்தை ஆக்ஸிஜன் வடிகட்டியும் போட்டு, எல்லாமாகச் சேர்த்து நூறு மணி நேரத்துக்கும் மேல் எடுத்தார். உலகத்தில் அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட காலக்ஸிகளில் ஒன்று அது. அதன் பக்கத்தில், ஒன்றரை டிகிரி நீளத்துக்கு, அதுவரை யாருமே பார்த்திராத ஒரு வில் வந்து விழுந்தது. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற இன்னும் இரண்டு அமெச்சூர்களும் சேர்ந்து உறுதிசெய்ய, வானியலாளர்களோடு சேர்ந்து 2023 தொடக்கத்தில் ஆய்வுக்குறிப்பாகவே வந்துவிட்டது. இத்தனை பெரிய தொலைநோக்கிகளும் விட்டுவிட்டதற்குக் காரணம், அந்த இடத்தை அந்தக் கோட்டில் அவ்வளவு நேரம் யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை என்பதுதான். ஹக்கின்ஸ் பார்த்த அதே பச்சைக் கோடு.

சரி, அவளுக்கு என்ன பதில் சொன்னேன்? வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் டைப் செய்ய ஆரம்பித்து, நீளமாகப் போய், அழித்துவிட்டு, போனே போட்டேன். ராத்திரி பதினொன்றரை இருக்கும். எடுத்ததும் ரகசியம் பேசுவது போல மெதுவாகப் பேசினாள், மாடியில் இருந்தாளாம், கீழே மாமியார் தூங்குகிறார்களாம்.

"2001-ல நான் சொன்னது தப்பும்மா. 2009-ல சொன்னதும் தப்பு" என்றேன்.

"தெரியும் சார். காலேஜ்லயே தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பார்த்துட்டு இருந்தேன்" என்று சிரித்தாள். அப்புறம், "சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, கந்தகத்துக்கு மாத்தணும்" என்றாள். ஏதோ சக்கரம் திரும்பும் சத்தம் கேட்டது.

படங்களைப் போட அனுமதி தந்திருக்கிறாள், பெயர் வேண்டாம் என்றாள். நான்கையும் முதல் கமென்ட்டில் போட்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளை மூன்றையும் முதலில் பாருங்கள். இரண்டாவதில் தூணின் பக்கத்தில் பால் போலப் பரவியிருக்கிறதே, அதுதான் ஆக்ஸிஜன். மூன்றாவதில் அது காணாமல் போய் விளிம்பு மட்டும் நூல் மாதிரி நிற்கும்.